படுத்திருந்த புகை

வினிபெக் ஏரி உறையத் தொடங்கிவிட்டால், எதிர்க்கரைக்குப் படகு ஓடாது. பனிக்கட்டி வண்டியைத் தாங்குமளவு கெட்டிப்படும்வரை பாதையும் திறக்காது. அந்த இடைக்காலம் முழுவதும் ஹால்டோர் மேற்குக் கரையில் இருப்பார். எதிர்க்கரை மருத்துவ நிலையத்தில் செவிலியாகப் பணிபுரியும் அவர் மனைவி சோல்ரூன் கிழக்குக் கரையில் இருப்பாள். அந்த இடைவெளியைக் கடப்பதற்காகவே மரவேலைக்காரரான ஹால்டோர், தம் வண்டிக் கொட்டகையில் ஒரு சிறு விமானத்தைக் கட்டி முடித்திருந்தார். சக்கரங்களுக்குப் பதிலாக அதற்குச் சறுக்குக் கட்டைகளைப் பூட்டியிருந்தார்.

அன்று பிற்பகலில் குளிர் எலும்பைக் கடித்தது. அத்தகைய குளிரில் விமானத்தின் மூக்கிலுள்ள துளைகள் வழியாகப் புகும் காற்று எஞ்சினை அளவுக்கு மீறிக் குளிர்வித்துவிடும், எண்ணெய் சூடேறாது, அதில் சேர்ந்த ஈரம் உலராமல் உள்ளே துரு பிடிக்கும். ஆகவே அவ்வூர் விமானக்காரர்கள், எண்ணெயைக் குளிர்விக்கும் பெட்டியின் முகப்பை வெள்ளிநிற நாடாவால் குளிருக்குத் தக்கபடி மூடுவார்கள். ஹால்டோர் அதை முழுவதும் மூடினார்.

பக்கத்துக் கொட்டகைக்காரர் கெயிர் காப்பிக் கோப்பையுடன் வந்து நின்றார்.

"என்னடா, மொத்தமா மூடிட்ட? அது மூச்சு விட வேணாமா?"

"குளிர் எப்படி இருக்கு, பாத்தியா?"

"குளிர் கீழதான்டா. உன் வீட்டுப் புகையப் பாரு."

புகைபோக்கியிலிருந்து நேராக எழுந்த புகை, கூரைக்குச் சற்று மேலே ஏதோ தடுத்ததைப்போல் மடங்கிப் படுத்திருந்தது. மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஏரிக்கரைக் குழந்தைகளுக்கும் அது தெரியும்.

"பாத்துட்டேன். வெளிச்சம் போறதுக்குள்ள போய்ச் சேரணும்."

"பொண்டாட்டியப் பாக்கப் போறவன் காதுல எது ஏறும்! போ, போ. வழியில எஞ்சின் வெந்து போனா எனக்கு ஒரு துண்டு எடுத்து வை."

விமானம் எழுந்தது. உயரே செல்லச் செல்ல எண்ணெய் வெப்பமானியின் முள்ளும் ஏறியது. பாதி ஏரியை எட்டுமுன்பே அது ஆபத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கீழே இறங்கினால் குளிர்ந்த காற்று கிடைக்கும். ஆனால் எஞ்சின் நின்றுவிட்டால் கரையைத் தொட உயரம் இராது. அடியிலிருந்த பனிக்கட்டியோ இன்னும் கருநீலமாக, மெலிந்து கிடந்தது. ஹால்டோர் விசையைக் குறைத்தார். முள் அசையவில்லை.

எதிர்க்கரை தெளிவாகத் தெரிந்தது. மருத்துவ நிலையத்தின் கூரை தெரிந்தது. அதன் புகையும் படுத்தே இருந்தது. அவர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, இன்னும் அருகிலிருந்த சொந்தக் கரைக்கே விமானத்தைத் திருப்பினார்.

மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தபோது முள் சிவப்பிலேயே நின்றது. கெயிர் சூடான காப்பியை மட்டும் நீட்டினார்.

மாலையில் சோல்ரூன் தொலைபேசியில் அழைத்தாள்.

"சத்தம் கேட்டுது. உன்னோடதுதான்னு தெரிஞ்சுது. மேல்கோட்டுகூடப் போடாம கரைக்கு ஓடினேன்."

"நாடாவை முழுசா ஒட்டிட்டேன்."

"புகை படுத்திருந்ததே, பாக்கலியா?"

"பாத்தேன்."



"நானும் பாத்தேன்," என்றாள். "நீ வரமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் உலர்ந்த பிளம் பழம் வெச்ச அடுக்குக் கேக்கை எடுத்து மேசைல வெச்சேன். நாளைக்கு வருவியா?"

"பாதி நாடாவை உரிச்சுட்டேன். ஆனா ராத்திரியே பனி கொட்டுமாம். ஒரு வாரம் விடாதாம்."

"சரி. வெட்டாம வைக்கிறேன். அது நாள்பட நாள்படத்தான் ருசி," என்றாள் சோல்ரூன். ஆயினும் தொலைபேசியை அவள் வைக்கவில்லை; அவரும் வைக்கவில்லை.