மாப்பிள்ளை வருமுன் காய வேண்டிய அறை

எங்கள் ஊரில் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். பெண்ணுக்கு வீடு முடியாமல் கல்யாணம் நடக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்குக் கட்டிய வீட்டின் கடைசி அறைக்கு மேசன் சுண்ணாம்புச் சாந்து பூசி முடிக்கவும், மாரி மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. சுவரைத் தொட்டால் விரல் நனைந்தது. பெட்டிக்குள் வைத்த சேலையில்கூடப் பூஞ்சணம்.

"இந்த ஈரத்துக்குள்ள மாப்பிள்ளய எப்பிடி இருத்துற புள்ள?" என்று உம்மா தவித்துப் போனார்.

வாப்பா சந்தைக்குப் போயிருந்த ஒரு பகலில், உம்மா மண்சட்டி நிறையச் சிரட்டைக் கரியை மூட்டி அறையின் நடுவில் வைத்தார். மழைக்காற்று உள்ளே வந்துவிடுமாம். ஜன்னல்களைச் சாத்தி, கதவின் அடியில் வாப்பாவின் பழைய சாரனைத் திணித்து, விசிறியோடு உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

"நான் கூப்பிடுமட்டும் தொறக்காத."

சூடு சுவரிலிருந்து ஈரத்தைக் கிளப்பும் என்பது சரிதான். கிளம்பிய ஈரம் வெளியே போக வழி வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. மூடிய அறையில் கரி நெருப்பு ஆளைக் கொல்லும் என்பதும் தெரியாது.

குசினியில் மீன் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"உம்மா, காயுதா?"

"ஓம், ஓம், காயுது."

கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டேன். பதில் இல்லை. விசிறிச் சத்தமும் இல்லை. மீனைப் போட்டுவிட்டு அறைக் கதவடிக்கு ஓடினேன். திறந்தால் ஏச்சு விழும் என்று பயம்; திறக்காமல் நிற்க அதைவிடப் பயம்.

தள்ளினேன். சாரன் இறுகிக் கதவு அசையவில்லை. தோளால் இடித்துத் திறந்தேன். உள்ளே ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் துளித்துளியாக நின்றது. சுவர் முன்னைவிட நனைந்திருந்தது. அதன் ஓரத்தில் உம்மா வாய் திறந்தபடி சரிந்து கிடந்தார்.

"அல்லாஹ்வே! உம்மா மௌத்தாகிட்டா!"

அலறிக்கொண்டே இரண்டு கைகளையும் பிடித்து முற்றத்து மழைக்குள் இழுத்து வந்தேன். மழை அவர் முகத்தில் அடித்தது. அசைவில்லை. கன்னத்தில் தட்டினேன், உலுக்கினேன். கடைசியில் இருமினார், வாந்தி எடுத்தார், கண் திறந்தார். என் தோளுக்கு மேலால் அறையைப் பார்த்துச் சொன்னார்:

"கதவச் சாத்து புள்ள. ஈரம் உள்ளுக்குப் போயிரும்."

நான் சாத்தவில்லை. ஓடிப்போய் ஜன்னல்களையும் விரியத் திறந்துவிட்டேன்.

கல்யாணத்தன்றும் அந்தச் சுவர் ஈரமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை. பின்பக்கம் உம்மா சமையலாட்களை ஏசிக்கொண்டிருந்தார். அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.