கொள்ளிடத்து மணல்

என் அண்ணன் பர்மா யுத்தத்தில் இறந்தவர். பட்டாளத்துக்குப் போனபோது கல்யாணமாகி ஏழு மாதம். தந்தி வந்தது, உடல் வரவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு, யுத்தத்தில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் கமிஷனிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உடல் அகப்படவேயில்லை, ரங்கூன் பக்கம் எழுப்பிய நினைவுத் தூண்களில் மற்றவர்களோடு அவர் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது.

"எங்கடா வச்சிருக்காங்களாம்?" என்றாள் அம்மா. அண்ணி கதவோரம் நின்றிருந்தார்.

"தனிச் சமாதி இருக்காம்மா. சுத்திலும் பூச்செடி."

உண்மையைச் சொல்லத் தைரியமில்லாததை இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன பூ, எந்தத் திசையில் தலை என்று அம்மா கேட்கக் கேட்க, சொல்லிக்கொண்டே போனேன்.

சில வருஷம் கழித்து அம்மா படுத்த படுக்கையானாள். சமாதி மண் ஒரு பிடி வந்தால் காவிரியில் கரைத்துவிட்டு நிம்மதியாகப் போவேன் என்றாள். பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி வந்த ஒருவர் திருச்சி ஜங்ஷனில் கொடுத்ததாகச் சொல்லி ஒரு பொட்டலத்தை நீட்டினேன். கொள்ளிடத்தில் நான் அள்ளிய மணல்.

அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணி விரலால் தொட்டுப் பார்த்தார். மறுநாள் அம்மாமண்டபம் படித்துறையில் மந்திரம் சொல்லி அதைக் கரைத்தோம். உடம்பைப் பார்க்கவில்லையே என்று அதுவரை வைத்திருந்த பொட்டை அண்ணி அன்றைக்கு அழித்தார்.

அம்மா போன பிறகு ஒரு மத்தியானம் அண்ணி கேட்டார்: "அது கொள்ளிடத்து மணல்தானே தம்பி? தினம் அதை வச்சுப் பாத்திரம் தேய்க்கிறவளுக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் அண்ணி சொல்லலை?" என்றேன். தலை நிமிரவில்லை.

"அத்தை நிம்மதியாப் போகட்டும்னுதான். இப்பவாவது அந்தக் கடுதாசியச் சரியாப் படிங்க."

படித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பேரைப் பிழையில்லாம வெட்டியிருக்காங்களா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எழுதிக் கேட்கலாம் என்று இத்தனை வருஷத்தில் தோன்றியதேயில்லை.

"கேட்டு எழுதுங்க" என்றார். அன்றே எழுதிப் போட்டேன். பதில் வந்தபோது அண்ணி உறையை என்னிடம் தரவில்லை. படித்துக் காட்டச் சொல்லி, அடுத்த தெரு டீச்சரம்மாவிடம் எடுத்துக்கொண்டு போனார்.