தொட்டுவிட்டுப் போகச் சொன்னார்

என் தம்பியை இங்கிலீஷ்தான் கொன்றது என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. டைபாய்டு காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல்தான், இல்லையென்று யார் சொன்னது? அந்தக் காய்ச்சலோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தான். அவனை மல்லாத்தியது வேறு.

முப்பதுகளின் நடுவில் நடந்தது. காங்கேயத்துப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அவனைப் பஸ்ஸில் படுக்கவைத்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து, வெள்ளைக்கார டாக்டர் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்போதுதான் அவனுக்கு மீசை கறுத்திருந்தது. தொத்து நோய், யாரும் தொடக் கூடாது, கட்டில் பக்கமே போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் நிற்பாள். "கஞ்சி குடிச்சியா கண்ணு?" என்று அங்கிருந்தே கேட்பாள். அவன் தலையை ஆட்டுவான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மில்லில் கிளார்க்கு. எங்கள் சொந்தத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வார். மில்லில் துரை யாரோ ஓர் ஆளைப் பற்றி 'கோல்டு ஃபீட்' என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, பாவம், கால் ஜில்லிட்டுப் போச்சாம் என்று தைலம் வாங்கிக்கொண்டு அந்த ஆள் வீட்டுக்கே போனவர். அந்த ஆள் பயந்துபோய்ப் பின்வாங்கிவிட்டான் என்று அர்த்தமாம். மில்லே சிரித்தது. அப்படியும் மனிதர் அடங்கினாரா? இல்லை.

காய்ச்சல் முற்றிய ஒரு நாள் மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். அப்பா கும்பிட்டுக்கொண்டு எழுந்தார். மாமா முந்திக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார். டாக்டரும் இங்கிலீஷிலேயே, "டச் அண்ட் கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு நடந்தார். அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியும். தமிழில் கேட்டிருந்தால் தமிழில் சொல்லியிருப்பார். பாழாய்ப்போன பவுசு!

"என்னுங்க மாப்ள சொல்றாரு?" என்று அப்பா கேட்டார்.

மாமாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "தொட்டுப்போட்டுப் போகச் சொல்றாருங்க மச்சான்."

தொடாதே தொடாதே என்று விரட்டியவர் இப்போது தொடச் சொன்னால் என்ன அர்த்தம்? பத்தியம் வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்று வைத்தியர் சொன்னால் என்ன அர்த்தமோ அதேதான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தொரையே கையை விரிச்சுப்போட்டாரு" என்று அப்பா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அப்பா நெற்றியைத் தொட்டார். மாமா தோளைத் தொட்டார். அம்மா இரண்டு கன்னத்தையும் வழித்தாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும். போகவும் சொல்லியிருக்கிறாரே, அதனால் போனார்கள். டாக்டர் சொல்லை யார் தட்டுவது? ஊரில் ஆக வேண்டியதைப் பார்க்கவேண்டும் என்று அப்பா பஸ்ஸுக்குக் கிளம்பினார். மாமா அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்.

"நீயுந் தொட்டுப்போட்டு வா அம்மணி" என்றார் அப்பா.

"நான் வரலீங்க. தொடவும் மாட்டேன். உசுரோட இருக்கறவனை எதுக்குங்க தொட்டுப்போட்டுப் போறது?" என்று கத்தினேன். எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்தில் கூடப்பிறந்தவன் காதில் விழுமே என்றுகூடத் தோன்றவில்லை.

வெயில் தாழ டாக்டர் மறுபடி வந்தார். வராந்தா காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் படித்த தமிழில், "ஏன் அனைவரும் சென்றுவிட்டனர்?" என்று கேட்டார்.

"நீங்கதானுங்க தொட்டுப்போட்டுப் போகச் சொன்னீங்க!"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இல்லை அம்மா. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். அதுதான் பொருள். அவன் மனம் தளரக் கூடாது. அருகில் இருந்து பேசுங்கள்."

உள்ளே ஓடினேன். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நர்ஸ் ஊட்டிய மருந்து விழுங்காமல் கடைவாயில் வழிந்திருந்தது.

"டேய், மாமா தப்பாச் சொல்லிப்போட்டாருடா. நீ பொழைச்சுக்குவியாம். டாக்டரே சொல்றாரு."

அவன் லேசாகச் சிரித்தான். "எல்லாரும் வந்து தொட்டுப்போட்டுப் போயிட்டாங்க அக்கா. எனக்குத் தெரியாதா? நீயுந் தொட்டுப்போட்டுக் கெளம்பு. பஸ்ஸு போயிரும்."

அடப்பாவி! தொட்டால் நானும் விடைபெற்றுக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்வான். தொடவே இல்லை. கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கிக் கோத்துக்கொண்டு பேசினேன். செவலை மாடு கன்று போட்டதைப் பேசினேன். மாரியம்மன் நோம்பிக்கு அவனுக்கு மல் ஜிப்பா எடுப்பதைப் பேசினேன். என்ன பேசினேன் என்றே தெரியாமல் பேசினேன். நடுவில் ஒருதரம் அவன் கையை என் பக்கம் நீட்டினான்.

"பொழைச்சு எந்திரி, அப்புறம் புடிக்கறேன்" என்றேன்.

விளக்கேற்ற வந்த ஆள்தான் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டான். நான் அப்போதும் பேசிக்கொண்டிருந்தேன். அவன் கை கட்டிலுக்கு வெளியே நீண்டபடியே இருந்தது.