ஹார்லனின் அடுத்த மேக்னம்

கண்ணாடி மேசைமேல் குண்டை உருட்டிவிட்டு, குனிந்து, அது ஓடும் ஓட்டத்தை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் ஹார்லன். ஆடாமல் ஓடியது வலப்பக்கம், ஆடியது இடப்பக்கம். பெட்டிக்கு ஐம்பது. ஐம்பதும் ஓடி முடித்தபின்தான் வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சே தொடங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் துப்பாக்கிக் கடைக்காரர் ராய்ஸ், இருபது வருடமாக இந்தத் தேரோட்டத்தைப் பார்த்துவருகிறார். இப்போதெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

"இது மூக்கு கொஞ்சம் மழுங்கல்," என்பார் ஹார்லன்.

"மான் மூக்கைப் பாத்தா பொண்ணு கொடுக்கப்போகுது? எடுத்துக்கோய்யா."

"உனக்கு விக்கத்தான் தெரியும். எனக்குச் சுடத் தெரியும்."

வயோமிங் மலையடிவாரத்துச் சின்ன ஊரில், குளிர்காலத்தில் சாலைப் பனியை வாரித் தள்ளும் வண்டி ஓட்டுவது ஹார்லன் டீட்ஸின் வேலை. மற்ற மாதங்களில் அதே வண்டியைப் பழுதுபார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் தோட்டா ஆராய்ச்சி. தோட்டாவும் குண்டும் ஒன்றுதானே என்று அவரிடம் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. பித்தளைக் கூடு, தட்டினால் பொறி விடும் கேப்பு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுக் குடும்பம்தான் தோட்டா. அதில் வீட்டைவிட்டு ஓடிப்போகும் பிள்ளை மட்டும்தான் குண்டு. முழுச் செம்பா, செம்பு உறைக்குள் ஈயமா, எடை நூற்றெண்பது கிரெயினா, இருநூற்று இருபத்தைந்தா? எதைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடியே செம்புக் குண்டின் பெருமையைச் சொல்லி முடித்தவர்.

அவர் துப்பாக்கி வளர்ந்த கதை தனி. முதலில் ஏழு மில்லிமீட்டர் மேக்னம்; மேக்னம் என்றால் மருந்து கூடுதலாக அடைத்த, உதை பெரிய ரகம். அதில் ஒரு எல்க் மான் தப்பியது. குண்டு ரொம்பக் கடினம், விரியவில்லை என்று தீர்ப்பானது. மான்மேல் பட்டிருந்தால் விரிந்திருக்குமோ என்னவோ. அடுத்து முந்நூறு மேக்னம். அந்தக் குண்டு லேசு, காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்து முந்நூற்று முப்பத்தெட்டு. சுட்டால் அது உதைக்கிற உதையில் தலையில் இருக்கும் தொப்பி பின்னால் போய் விழும். அதிலும் இரண்டு மான்கள் கைவிட்டுப் போயின; மருந்துக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒவ்வொரு முறையும் இன்னும் பெரிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்து, பழையதைப் பாதி விலைக்கு வாங்கிப் போட்ட ராய்ஸ், எல்லாக் காரணத்துக்கும் பக்தியோடு தலையாட்டினார். கடையின் புதுக் கூரைக்கு ஹார்லனின் பெயரையே வைத்திருக்கலாம்.

இந்த மே மாதம் அரசாங்கக் குலுக்கலில் ஹார்லனுக்கு மூஸ் வேட்டை உரிமம் விழுந்தது. மூஸ் என்பது குதிரை உயரத்துக்கு நிற்கும் மான். இருபத்து மூன்று வருடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து கிடைத்தது. ஆயுளில் ஒருமுறைதான் தருவார்கள். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து காட்டியபோது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. ராய்ஸ் அதைப் பார்க்காததுபோல் அலமாரியைத் துடைத்தார்.

கோடை முழுக்கக் குண்டு உருண்டது. வேட்டைக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது ஹார்லன் வந்து நின்றார்.

"என் முந்நூத்தி முப்பத்தெட்டு பத்தாது ராய்ஸ். முந்நூத்தி எழுபத்தஞ்சு மேக்னம் ஒண்ணு எடு."

"இல்ல."

"உன் முதுகுக்குப் பின்னாடி ரெண்டு நிக்குதே."

"அது விக்கிறதுக்கில்ல."

இருபது வருடம் நிம்மதியாகத் தூங்கிய ராய்ஸின் மனசாட்சி அன்றைக்குப் பார்த்து விழித்துக்கொண்டது. குண்டு படாமலே போனால் நஷ்டம் ஹார்லனோடு போகும். பாதி பட்டு ஓடுகிற மூஸ் புதருக்குள் நாள்கணக்கில் கிடந்து சாகும்.

"காலையில உன் முப்பத்தெட்டை எடுத்துக்கிட்டு சுடுற மைதானத்துக்கு வா. சுட்டுக் காட்டு. அப்புறம் பேசலாம்."

மறுநாள் மைதானத்து மேசையில் மணல்மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து ஹார்லன் உட்கார்ந்தார். "நீ குறி அட்டையிலேருந்து கண்ண எடுக்காத. தோட்டாவ நான் போட்டுவிடுறேன்," என்று ராய்ஸ் பக்கத்தில் அமர்ந்தார். முதல் குண்டு அட்டையின் கீழ்மூலையில் பட்டது. இரண்டாவது அட்டைக்கு முன்னாலேயே மண்ணில் புதைந்தது. "குண்டு ஆடுது," என்றார் ஹார்லன். மூன்றாவதாக, மருந்தே போடாமல் வீட்டில் செய்து எடுத்துவந்த போலித் தோட்டாவை ராய்ஸ் உள்ளே தள்ளினார்.

டிக் என்று ஓர் ஓசை, அவ்வளவுதான். வெடியே இல்லாமல் குழாய் நான்கு விரல்கடை கீழே இறங்கியது, தோள் முன்னால் துள்ளியது. ஊசி குத்துமுன்பே அலறும் பிள்ளைபோல ஹார்லன் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார்.

"கேப்பு செத்துப்போச்சு," என்றார் கண்ணைத் திறந்ததும். "நீ வித்த கேப்புதான்."

"அது உன் தோட்டாவே இல்ல. நான் செஞ்சது. உள்ள மருந்து கிடையாது. துப்பாக்கி உதைக்கவே இல்ல ஹார்லன். நீதான் குதிச்சே."

ஹார்லன் காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எப்பலேருந்து தெரியும்?"

"நீ முந்நூறு வாங்கினியே, அப்பலேருந்து."

"தெரிஞ்சே முப்பத்தெட்டை வித்தே."

"கேட்டே, வித்தேன். அயோக்கியன்தான், ஒத்துக்கிறேன். இந்த மூஸ் விஷயத்துல மட்டும் அப்படி இருக்க முடியல."

ராய்ஸ் எழுந்துபோய்த் தன் வண்டியிலிருந்து ஒல்லியான ஒரு துப்பாக்கியை எடுத்துவந்து மணல்மூட்டைமேல் வைத்தார். "என் வீட்டுக்காரியோடது. இருநூத்தி எழுபது. மேக்னம் இல்ல, தோள நோகடிக்காது."

"இத வச்சு மூஸையா? சிரிக்கும்யா அது."

"வைக்கிற இடத்துல பட்டா சிரிக்காது. விழுந்துரும்."

மேசைமேல் பத்துத் தோட்டாக்களைப் பரப்பினார். ஆறு நிஜம், நாலு போலி. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஹார்லன் குனிந்து அவற்றைப் பார்த்தார். "இதுல எத்தனை கிரெயி..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அட்டைப்பக்கம் ஒருமுறை பார்த்தார். சட்டைப்பைக்குள் இருந்த பிளாஸ்டிக் உறையை மேலிருந்தே தடவினார்.

பிறகு ஒல்லித் துப்பாக்கியில் தோட்டா போடும் பூட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கையை எடுத்தார். பத்துத் தோட்டாக்களையும் ராய்ஸ் பக்கம் புறங்கையால் தள்ளினார். எது உள்ளே போகிறது என்று தெரியாதபடி முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் பூட்டு மூடும் ஓசை கேட்கும்வரை அவர் திரும்பவில்லை.