சிவப்புக் கரை வைத்த கூரை

கூரை வேலைக்கு வரும் டேவிட்ராஜ் ஏணி கேட்டு யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் ஒரு நடை, வெளியே ஒரு நடை, அளவு முடிந்துவிடும். "பாதி அகலம் பத்தடி. சாய்வுக்கு மூணு இஞ்ச், சுவரத் தாண்டுன இறக்கத்துக்கு ரெண்டடி. ஷீட்டு பன்னெண்டேகால் அடி" என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். பெரம்பலூரைச் சுற்றிப் பதினைந்து வருடமாக மாட்டுக் கொட்டகையும் கோழிப்பண்ணையும் போட்ட கை அது. அந்தக் கூரைகள் எல்லாம் பத்தடிக்கு இரண்டடிதான் உயரும், அதனால் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. அந்தத் திமிர் அவரிடம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. எனக்கு அது பிடிக்காது.

பூலாம்பாடியில் என் எதிர்வீட்டு மருதாயி அம்மா, ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு நீலத் தகர ஷீட் போட அவரைத்தான் கூப்பிட்டார். மண் சுவர் வீடு. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"வூட்டு உசரத்தக் கொறச்சிராதீங்க தம்பி. உச்சியிலதான் வெத வெங்காயம் கட்டித் தொங்க வுடுவேன். ஐப்பசி நடவுக்கு அத வுட்டா வேற இல்ல. காத்து இல்லேன்னா, சூடு ஏறுனா, அழுவிப் போயிரும்."

"கவலைப்படாதீங்கம்மா" என்றார் டேவிட்ராஜ். வேலை முடியும்வரை வெங்காயக் கட்டுகள் என் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. சோற்றில்கூட அந்த வாடைதான்.

ஓடு இறங்கியது. இரண்டு பக்கத்து முக்கோணச் சுவர்களின் மேல் இரும்புப் பைப் ஏறியது. முதல் ஷீட்டை உச்சியில் வைத்துப் பார்த்தால், கீழே சுவரைத் தாண்டி ஒரு சாண்கூட வரவில்லை. ஓட்டு வீட்டுச் சாய்வு செங்குத்து. பத்தடிக்கு ஆறடி ஏறியிருந்தது. அப்படிப் பார்த்தால் சாய்வு மட்டுமே பதினொன்றே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. தரையில் நடந்த காலுக்கு அது எப்படித் தெரியும்? வந்து இறங்கிய இருபது ஷீட்டும் ஒன்றரை அடி குட்டை.

வானம் இருண்டு கிடந்தது. வெல்டர் ராஜா மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, உச்சிச் சுவர நாலடி வெட்டிருவோம். ஷீட்டு கச்சிதமா எட்டிரும். இப்பல்லாம் இப்படித்தான் போடுறாங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

ஆறடி ஏற்றம் இரண்டடியாகிவிடும், கணக்குப்படி அது சரிதான். டேவிட்ராஜ் சுவரைப் பார்த்தார், பிறகு என் வீட்டு வாசல் வழியே வெங்காயத்தைப் பார்த்தார். அன்று எனக்கு அவர்மேல் கோபம்தான்.

அவர் நேராக மருதாயியிடம் போனார். "அம்மா, நான் மேல ஏறி அளக்கல. ஷீட்டு பத்தல. தப்பு என்னோடது. உசரம் கொறையாது. கீழ ஒட்டுப் போட்டுத் தரேன். பார்க்க நல்லா இருக்காது."

மருதாயி மண் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "ஒழுவாதுல்ல?" என்றார்.

"ஒழுவாதும்மா."

அன்றைக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மறுநாள் பெரம்பலூரில் இரண்டரை அடித் துண்டுகள் இருபது வெட்டி வாங்கிவந்தார். நீலம் தீர்ந்துபோய் சிவப்புதான் கிடைத்தது. முதலில் துண்டுகளைக் கீழே பொருத்தி, நீல ஷீட் அவற்றின்மேல் ஓரடி ஏறி நிற்கும்படி முடுக்கினார். சேலைக்குக் கரை வைத்த மாதிரி, பஸ்ஸில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் தெரிந்தது. புரட்டாசி முழுக்க மழை கொட்டியது. மண் சுவர் நனையவில்லை. ஐப்பசியில் மருதாயி உச்சியிலிருந்து இறக்கிய வெங்காயத்தில் ஒரு கட்டுகூட அழுகவில்லை.

கார்த்திகையில் பக்கத்துத் தெரு செல்லமுத்து, டேவிட்ராஜை வரவழைத்து அந்தக் கூரையைக் காட்டினார். "எங்க ஓட்டு வூட்டுக்கும் அதே மாதிரி செவப்புக் கர வச்சிக் குடுங்க. ஷோக்கா இருக்கு."

நான் வாசலில்தான் நின்றிருந்தேன். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், அந்தத் தப்பு அன்றோடு டிசைன் ஆகியிருக்கும்.

"அது கர இல்லீங்க, நான் அளவுல வுட்ட தப்பு" என்றார் டேவிட்ராஜ். "உங்க வூட்ல ஏணி இருக்குங்களா?"