பியானோவின் வலது கோடி

வரிச்சிக்குடி உத்திராபதிக்கு மைக் செட்தான் தொழில். போன தை மாதம் கண் மூடும் வரை, நாற்பது வருடம். கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம், தீமிதி எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கட்டினார்கள். சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. ஆம்ப்ளிஃபையரைக் கூட்டாளி இளையபெருமாளிடம் விட்டுவிட்டுக் கூட்டத்தின் கடைசி வரிசைக்கு நடந்து போவார். அங்கே நின்று கையைத் தூக்குவார், அல்லது இறக்குவார். இளையபெருமாள் அதற்கேற்பக் குமிழைத் திருகுவார்.

ஒரு வருடம் பட்டினச்சேரி ஆடித் திருவிழா சமயத்தில் இளையபெருமாளுக்குக் காய்ச்சல். உத்திராபதி தானே கேட்டு, தானே திருகினார். பாட்டு காதைக் கம்பியால் குத்தியது என்று ஊரே சொன்னது. மறு வருடம் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள்: "இந்தத் தடவையும் அப்படின்னா வேற செட்டு பாத்துக்குறோம்ணே." திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

மகள் வினோதா சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். காதைப் பரிசோதிக்கலாம் என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என் காதுக்கு ஒண்ணுமில்ல பாப்பா. சனங்கதான் இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காரைக்காலில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் கச்சேரி. தரையில் ஊன்றி வில்லால் இழுக்கும் பெரிய வயலின் மாதிரியான செலோவும், பியானோவும் மட்டும். பாடுவதற்கென்று எழுதப்பட்ட பழைய ஐரோப்பியப் பாட்டுகளை அந்த இரண்டு வாத்தியங்களுக்கும் மாற்றி எழுதியிருந்தார்கள். பியானோ வாசிக்கும் நஜீபா காரைக்காலில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவள். செலோ வாசிக்கும் அகரன் சென்னைக்காரர். வரவேற்புரைக்கு மட்டும் ஒரு மைக் வேண்டும் என்று உத்திராபதியைக் கூப்பிட்டிருந்தார்கள். லீவில் வந்திருந்த வினோதாவும் கூடப் போனாள்.

மத்தியானம் ஒத்திகை. வாத்தியங்களுக்கு மைக் வேண்டாம் என்றதை உத்திராபதியால் ஏற்க முடியவில்லை.

"முந்நூறு பேரு உக்கார்ற எடம்மா. கடைசி வரிசைக்குக் கேக்காது."

"கேக்கும் மாமா. ஃபேனை நிறுத்திட்டாப் போதும்" என்றாள் நஜீபா.

"ஃபேனை நிறுத்திட்டா கடைசி வரிசையில ஆளே இருக்காது" என்றார் இளையபெருமாள்.

"வாசிங்க. நான் பின்னாடி நின்னு பாத்துச் சொல்றேன்."

உத்திராபதி கடைசி வரிசைக்குப் போய் நின்றார். செலோ கேட்டது. அடித்தொண்டையில் பாடும் ஆளைப்போல ஒவ்வொரு இழுப்பும் முழுதாக வந்து சேர்ந்தது. பியானோவில் நஜீபாவின் இடது கை வாசித்ததும் கேட்டது. பிறகு அவளுடைய வலது கை கட்டைகளின் கோடிக்குப் போனது. விரல்கள் ஏறி இறங்கின. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் போனது. மறுபடியும் ஒன்றுமில்லை.

தான் சொன்னதுபோலவே கேட்கவில்லை என்று அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி. பியானோ புதுச்சேரியிலிருந்து வேனில் வந்தது. வழியில் குலுங்கியிருக்கும். கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு மேடைக்கு வந்தார்.

"வலது கோடியில ஏழெட்டுக் கட்டை பேசலம்மா. ஆர்மோனியத்துல இப்படி ஆனா தூசி அடைச்சிருக்கும். மூடியத் தெறங்க, பாத்துடுவோம்."

நஜீபா அகரனைப் பார்த்தாள். "எந்தக் கட்டை மாமா?" என்று ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"இது பேசுது. இதுவும் பேசுது. இது... இதுலேருந்து போச்சு. கட்டை மரத்துல இடிக்கிற சத்தம் மட்டும் வருது பாருங்க."

அவள் அதே கட்டையை மறுபடி அழுத்தினாள். அதற்கடுத்ததையும். உத்திராபதி திரும்பினார்.

"மாப்ள, ஒனக்குக் கேக்குதா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் இளையபெருமாள் தரையைப் பார்த்தார். "பியானோவப் பத்தி எனக்கென்னடா தெரியும்?"

"கேக்குதுப்பா" என்றாள் வினோதா.

உத்திராபதி "அப்ப சரிம்மா, நீங்க வாசிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய், ஏற்கெனவே சுற்றியிருந்த வயரைப் பிரித்து மறுபடி சுற்றத் தொடங்கினார். வினோதா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"காதுல எவ்வளவு போயிருக்கும் பாப்பா?"

"மேல் சுருதிதான்பா போயிருக்கு. குழாய்க்குப் பக்கத்துலயே நின்னா மொதல்ல அதுதான் போகும். கீழ நல்லா இருக்கு."

"திரும்ப வருமா?"

"வராதுப்பா."

அவர் வயரை இரண்டு சுற்று சுற்றினார். "அதான் பட்டினச்சேரியில..."

"ஆமா. உங்களுக்குக் கேக்குற மாதிரி வச்சா மத்தவங்களுக்குக் குத்தும்."

இளையபெருமாள் வாசலில் வந்து நின்றார். உத்திராபதி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "இனிமே கடைசி வரிசையில நீ நில்லு மாப்ள. நான் திருகுறேன்."

"நான் எதுக்குப் புதுசா நிக்கணும்? ரெண்டு வருசமா நீ கையத் தூக்குறப்பல்லாம் நான் திருகுற மாதிரிதான் காட்டிக்கிட்டிருக்கேன். எனக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்குத்தான் ஒன் வண்டவாளம் வெளிய வந்துச்சு."

"திருட்டுப் பயலே" என்றார் உத்திராபதி. வயர் கையிலிருந்து நழுவியது. சிரித்தார். கண் கலங்கியது சிரிப்பினால் என்றே மற்ற இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டினச்சேரியில் இளையபெருமாள்தான் கடைசி வரிசையில் நின்றார். யாரும் குறை சொல்லவில்லை.

கச்சேரி நடந்த அந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அரங்கில் ஃபேன்களை நிறுத்தினார்கள். வரவேற்புரை முடிந்ததும் உத்திராபதி மைக்கை அணைத்துவிட்டுக் கடைசி வரிசையில் வினோதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்தார்.

"அந்தக் கோடி பேசுறப்பல்லாம் என் கையில தட்டு பாப்பா."

அவள் தட்டினாள். ஒரு விரலால், ஒவ்வொரு சுரத்துக்கும். முதல் பாட்டு முழுக்கத் தட்டினாள். சில இடங்களில் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் தடுமாறினாள். அவர் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தார். அத்தனை தட்டு. அத்தனையும் அவருக்கு வராதது. இடையில் செலோ என்ன வாசித்தது என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

இரண்டாம் பாட்டு செலோவின் அடிக் கம்பியில் தொடங்கியது. வினோதாவின் விரல் மறுபடி தொட்டதும் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வலிக்குதாப்பா?"

"இல்ல. நீ தட்டுறத எண்ணிக்கிட்டிருந்தா இருக்கறதும் போயிடும்போல. இதயாவது கேக்குறேன், விடு."

மேடையில் நஜீபாவின் வலது கை கோடிக்குப் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. அகரனின் வில் மெல்லத் திரும்பி இழுபட்டது. உத்திராபதி அதன் கூடவே தலையைச் சாய்த்தார்.