மத்தியானத்துக்கு மேல் வீட்டில் வேலை

நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒருவரை மறுபடி படுக்கையில் தள்ளியவன் நான். அதுவரை அவரை நான் பார்த்தது கூட இல்லை. என் அலுவலகத்துத் தட்டச்சு அம்மாவின் கணவர் அவர்.

திருவண்ணாமலை அப்போதுதான் மாவட்டத் தலைநகராகியிருந்தது. கோப்புகள் மலைபோல் குவிந்தன. நான் கண்காணிப்பாளர். பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லாததால், அந்த அம்மா காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் வரைவுகளைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போய்விடுவார். மறுநாள் எல்லாம் வீட்டு மெஷினில் பிழையின்றித் தட்டச்சாகி என் மேசைக்கு வரும். விதியில் இடமில்லை, வேலை நடந்ததால் கண்டும் காணாமலும் இருந்தேன்.

"அவரு கோலைப் புடிச்சிக்கினு வாசப்படி வரைக்கும் வந்துட்டாரு சார்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த வாரமே ஓர் எழுத்தர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "எங்க வூட்லயும் ஒரு ஆபீஸ் போர்டு மாட்டுங்க சார். லுங்கியோடவே கவர்மென்ட்ட நடத்திர்றேன்." அறையே சிரித்தது. மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போய்விடுமோ என்று பயந்தேன். மறுநாளிலிருந்து அந்த அம்மா சாயங்காலம் வரை இருக்கையில் இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

அடுத்து வந்தது பௌர்ணமி. "பஸ் நிறுத்திருவாங்க சார், இன்னிக்கி மட்டும் முன்னாடியே போறேன்" என்றார் அந்த அம்மா. எழுத்தர் காதில் விழும்படி, முடியாது என்றேன். சாயங்காலம் அந்த அம்மா வெளியேறியபோது பேருந்து இல்லை. கிரிவலக் கூட்டத்தில் நசுங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது, கணவர் இடுப்பு முறிந்து தரையில் கிடந்தார். மனைவியைத் தேடித் தனியாக எழுந்திருக்கிறார். இனி நடக்கமாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இப்படி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். ஒற்றை வரியில் மறுத்துவிட்டார்கள். நான் ஓய்வுபெற்ற பிறகு, பௌர்ணமிதோறும் அவர் கணவரருகே இருக்கிறேன் என்று அந்த அம்மாவிடம் கெஞ்சினேன். வேறு வழியில்லாமல் சம்மதித்தார்.

முதல் நாள் கஞ்சியை ஊட்டப்போனேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆறவைத்தேன், சூடாக்கினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். வாய் திறக்கவில்லை. இருட்டியபின் வந்த அந்த அம்மா நிறைந்திருந்த கிண்ணத்தைப் பார்த்தார். புடவைகூட மாற்றாமல் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க போயிருங்க சார். நீங்க இருந்தா அவரு சாப்ட மாட்டாரு. இனிமே வராதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். உள்ளே அவர் கஞ்சி குடிக்கும் சத்தம் கேட்டது.